ரொட்டியின் ஓரம்

ஜூலை 3, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

எலி எழுதுகிறேன். ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ இருக்கிற அத்தை வீட்டுக்கு அம்மா போன் செய்யும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். ரிசீவர் என் கைக்கு வருவதற்குள் "நல்லாத்தான் இருக்காளாம், வை வை" என்று வாங்கி வைத்துவிடுகிறார். நீ பதில் போடுவதாக இருந்தால் வீட்டுக்குப் போடாதே. பின்பக்கம் என் பள்ளிக்கூட விலாசம் இருக்கிறது. ஆபீஸில் டைப் அடிக்கிற அக்கா யாருக்கும் தெரியாமல் தருகிறேன் என்றிருக்கிறார்.

எல்லாரும் தூங்குகிறார்கள். நான் தராசுப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இது ஆறாவது ஊர். இங்கேயும் ஒரே அறை, ஒற்றை அடுப்பு, அம்மாவின் அதே மூன்று பாத்திரம். அப்பா சந்தையில் மாட்ட வேண்டிய எடை மெஷின்கள் பாதி அறையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. விளக்கைப் போட்டால் அப்பா விழித்துவிடுவார். அதனால் ஒரு மெஷினை ஆன் செய்து, அதன் பச்சை எண்களுக்குப் பக்கத்தில் தாளைப் பிடித்து எழுதுகிறேன். ஒரே சமயத்தில் இரண்டு வரிதான் தெரியும். கை தட்டில் பட்டால் எண்கள் ஓடுகின்றன.

குட்டி வாலுவுக்கு அந்த ஒவ்வாமை மறுபடியும் வந்துவிட்டது. பயப்படாதே, வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் போன தடவை மாதிரி முகம் வீங்கியதோடு நிற்கவில்லை. மூச்சு விட முடியவில்லை. அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே போய்விட்டது. மூன்று நாள் அங்கே இருந்தோம். ஒவ்வொரு ஊர்ச் சந்தையிலும் அவளை மெஷின் மேல் நிறுத்தி எடை பார்ப்பாரே, வந்த புதிதில் பதினாறு கிலோ இருந்தாள். நேற்று பதினாலே முக்கால்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை சந்தைக்குப் போனோம். இங்கே சந்தை நீளமாக இருக்கும். முதலில் வெங்காயம் உருளைக்கிழங்கு, அப்புறம் கீரை, அப்புறம் முட்டை, கடைசியில் மீன். அதற்கும் தள்ளி, ஒரு தகரக் கூரையின் கீழே ஒரு அம்மா வெல்ல ரொட்டி சுடுகிறார். தட்டை ரொட்டி, நடுவில் பூரணம். மீன் நாற்றத்தைத் தாண்டி அந்த வாசனை வரும். வாலு பார்த்ததும் காலை உதைத்துக்கொண்டு அடம் பிடித்தாள். நீ போன பிறகு கேட்கிற வேலை என்னுடையது. நீ கேட்ட அதே மூன்று கேள்விதான். உள்ளே கடலை இருக்கா, கடலை எண்ணெயா, கடலை வறுத்த சட்டியா. போனேன், கேட்டேன், இல்லை என்றார். முதல் துண்டை நீ சாப்பிட்டுப் பார்ப்பாயே, அது மாதிரி நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். பிறகுதான் வாலுவுக்குக் கொடுத்தேன்.

பூரணம் முழுக்க வேர்க்கடலைப் பொடியாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை போட்டார். ரொட்டிக்காரம்மா, "என்கிட்ட யாருமே கேக்கலியே சார்! கேட்டிருந்தா சொல்லாம இருப்பேனா? கடலை போட்டாத்தானே அது என் ரொட்டி!" என்றார். அப்பா, "என் பொண்ணு கேட்டேங்கறா. நீ கேக்கலங்கறே. நான் யாரை நம்பறது?" என்றார். கூட்டம் கூடிவிட்டது. சூப்பர்வைசர் வந்தார். அவருக்கு அப்பா மேல் மரியாதை. "தராசுக்காரர் சும்மா சொல்ல மாட்டார். நாளையிலேருந்து இங்க அடுப்பு பத்த வைக்காதம்மா" என்று சொல்லிவிட்டார்.

ரொட்டிக்காரம்மா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. சும்மா பார்த்தார்.

அவ்வளவுதான் விஷயம். பரீட்சைக்குப் படிக்கிறாயா?

எலி


ஜூலை 8

எலி,

அம்மா போனில் வாலுவுக்கு "லேசா உடம்பு சூடு" என்றாள். லேசா! என்னிடம் மட்டும் எதையும் சொல்லக் கூடாது என்று அங்கே ஏதோ சட்டம் போட்டிருக்கிறீர்கள் போல.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். ஒரு இடத்தில் இடிக்கிறது. மூன்று கேள்வி கேட்டாய், "இல்லை" என்றார் என்று எழுதியிருக்கிறாய். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு இல்லையா?

நான் நாலு ஊர்ச் சந்தையில் கேட்டிருக்கிறேன். யாரும் வெறுமனே இல்லை என்று சொன்னது கிடையாது. "ஏம்மா, விஷமா வெச்சு விக்கறேன்?" என்று ஒருத்தர் சண்டைக்கு வருவார். ஒருத்தர் எண்ணெய் டின்னையே தூக்கி மூக்குக்கு நேரே நீட்டுவார். இரண்டாவது ஊரில் அவித்த சோளம் விற்றவரை ஞாபகம் இருக்கிறதா? அவருடைய மாமியாருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாத கதையை ஆரம்பித்தார். முடிப்பதற்குள் வாலு என் தோளிலேயே தூங்கிவிட்டாள். சோளம் ஆறிப்போய், அம்மா என்னைத்தான் திட்டினாள்.

அதனால் கேட்கிறேன். இரண்டாவது கேள்விக்கு என்ன சொன்னார்? மூன்றாவதற்கு? அவர் பேசியபடியே எழுது.

இன்னொன்று. வெல்லத்தோடு அரைத்த கடலை நாக்கில் பட்ட உடனே தெரியும். முதல் துண்டு சாப்பிட்டேன் என்கிறாய். உனக்கா கடலை ருசி தெரியாது?

பரீட்சைக்குப் படிக்கிறேன். வேறென்ன வேலை இங்கே.

அக்கா


ஜூலை 12, இரவு

அக்கா,

டைப் அடிக்கிற அக்கா உன் கடிதத்தை ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துத் தந்தார். பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடையாது. மூன்றாவதற்கும் கிடையாது. நான் கேட்கவே இல்லை.

எழுதிவிட்டேன். கை தட்டின் மேல் இருக்கிறது. மெஷின் முந்நூறு கிராம் காட்டுகிறது.

இந்த ஊரில் மட்டும் இல்லை அக்கா. நீ போனதும் ஐந்தாவது ஊருக்குப் போனோம். முதல் நாளே அம்மா, "இனிமே நீதான்டி கேக்கணும்" என்று என்னைத் தள்ளிவிட்டாள். கேக் விற்கிறவர் ஒருத்தரிடம் போய் மெதுவாகக் கேட்டேன். அவருக்குக் காதில் விழவில்லை. மறுபடியும் கேட்டேன். அவர் பக்கத்துக் கடைக்காரரிடம், "ஏய், பாப்பா என் கேக்கை டெஸ்ட் பண்ண வந்திருக்குப்பா! பெரிய ஆபீசரு!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இரண்டு காதும் சூடாகிவிட்டது. அதற்கப்புறம் என்னால் முடியவில்லை. கடைக்குப் போவேன். அம்மாவுக்கு என் முதுகு தெரிகிற மாதிரி நிற்பேன். வாயை மட்டும் அசைப்பேன். பத்து எண்ணுவேன். தலையை ஆட்டிவிட்டு வந்து "கேட்டேன்" என்பேன். வாழைப்பழம், அவித்த முட்டை, வெள்ளரிக்காய், இது மாதிரியே பார்த்து வாங்குவேன், கேட்காவிட்டாலும் ஒன்றும் ஆகாதவையாக. அம்மாகூட ஒரு நாள், "பெரியவ மாதிரி ஊரைக் கூட்டறதில்ல, இவ காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சுட்டு வந்துடறா" என்று சொன்னாள். இதை உனக்கு எழுதியிருக்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ரொட்டிக்காரம்மா கடையில் பத்துப் பேர் நின்றார்கள். அவர் எல்லாரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டே சுடுவார். "அண்ணே, நீங்க நேத்து வாங்கினதுக்கே இன்னும் பாராட்டு வரலை" என்பார். என் முறை வந்தது. "பாப்பாவுக்கு எத்தனை?" என்றார். வாயில் கேள்வி இருந்தது. வெளியே வந்தது "ஒண்ணு" மட்டும்தான்.

முதல் துண்டு சாப்பிட்டது பொய் இல்லை. ஆனால் ஓரத்தைத்தான் கடித்தேன். ரொட்டியின் ஓரத்தில் வெறும் மாவுதான் இருக்கும். பூரணம் நடுவில். நடுப் பாகத்தை வாலு கேட்டாள், சூடாக இருக்கும் என்று ஊதிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா, "கேட்டியா?" என்று ஒரு தடவைதான் கேட்டார். நான் யோசிப்பதற்குள் "கேட்டேன்" என்று வந்துவிட்டது. ஏழு மாதமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது.

இங்கே வேலை முடியப்போகிறது. முப்பதாம் தேதி அடுத்த ஊருக்குக் கிளம்புகிறோம். அதற்குள் அப்பாவிடம் சொன்னால் அந்த அம்மாவுக்குக் கடை திரும்பக் கிடைக்கும். போய்விட்டால் அப்புறம் யார் வந்து சொல்வார்கள்? ஆனால் சொன்னால் அப்பா என்னையும் பஸ் ஏற்றிவிடுவார். நீயாவது பெரியவள். எனக்கு அம்மா இல்லாமல் தூக்கம் வராது.

என்ன செய்யட்டும்? அப்பா இருமுகிறார். மெஷினை அணைக்கிறேன்.

எலி


ஜூலை 16

எலி,

என்ன செய்யட்டும் என்று ஏன் என்னைக் கேட்கிறாய்? உனக்கே தெரிகிறது. அப்பா உன்னிடமிருந்து நாலு அடி தள்ளித் தூங்குகிறார். நான் ஒரு நாள் பஸ் பயண தூரத்தில் இருக்கிறேன். நாலு அடி உனக்குத் தூரமாகிவிட்டது.

எனக்குக் கோபம் வருகிறது. கூச்சமாக இருந்தால் அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே. "என்னால முடியல, நீயே கேளு" என்றால் தலையையா வாங்கிவிடுவாள்? வாலுவுக்கு ஐந்து வயது, எலி. அவளுக்கு ஒன்று ஆகியிருந்தால்? மேலே எழுத வரவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை சொல்கிறேன், சிரிக்காதே. அத்தை வீட்டில் எல்லாச் சமையலிலும் கடலை. வறுத்து, அரைத்து, எண்ணெயாக. வந்த முதல் வாரம் நான் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு "உள்ள கடலை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம். அத்தை, "உனக்கும் அந்த வியாதியா?" என்று பயந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வாலு பிறந்ததிலிருந்து நாம் யாருமே சாப்பிடவில்லையே. இப்போது சாப்பிடுகிறேன். ஆனால் சாப்பிட்டு முடித்து இரண்டு தடவை கை கழுவுகிறேன். தொடுவதற்கு வாலு இங்கே இல்லை. இருந்தாலும் கழுவுகிறேன்.

அந்த ரொட்டிக்காரம்மா நின்ற இடத்தில் நான் நின்றிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில், எல்லாரும் பார்க்க. "வறுவல் கடையில மூணும் கேட்டேன்பா" என்று நான் சொல்ல, "கேட்டா இப்படி ஆகுமா?" என்று அப்பா சொல்ல. அவரையாவது ஊரார் முன்னால் வேறு யாரோ கேட்டார்கள். என்னை என் அப்பா.

முப்பதாம் தேதி வரை நாள் இருக்கிறது. சொல்லிவிடு.

அக்கா

பி.கு. வாலு எடை என்ன?


ஜூலை 21, இரவு

அக்கா,

வாலு பதினைந்து கிலோ நூறு. முட்டை சாப்பிடுகிறாள்.

நீ சொன்னபடி சொல்லப் போனேன். நேற்று சாயந்திரம் அப்பா மெஷின்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இதைப் பாரு, தட்டுல ஒண்ணுமே இல்ல, ஆனா நாலு கிராம் காட்டுது. மொதல்ல இதைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும். இல்லேன்னா அப்புறம் வெக்கறது எல்லாமே தப்பாத்தான் காட்டும்" என்றார். எனக்குச் சொல்கிற மாதிரியே இருந்தது. "அப்பா" என்றேன். "என்னடா?" என்றார். அவர் என்னை டா போட்டுக் கூப்பிட்டு எவ்வளவு நாள் ஆகிறது. "ஸ்க்ரூ டிரைவர் எடுத்துத் தரட்டுமா?" என்றேன்.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் சந்தைக்குத் தனியாகப் போனேன். ரொட்டிக்காரம்மாவிடமாவது முதலில் சொல்லலாம் என்று. தகரக் கூரையின் கீழே இப்போது பிளாஸ்டிக் வாளிகள் அடுக்கியிருக்கின்றன. சுவரில் அடுப்புக் கரி மட்டும் கறுப்பாக இருக்கிறது. முட்டைக்கடைக்காரர் வழி சொன்னார். பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு சந்து. வாசலிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஓட்டலுக்காம், சாக்கு சாக்காக இருந்தது.

என்னைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "தராசுக்காரர் பொண்ணுதானே? தங்கச்சி எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டார். முதலில் அதைத்தான் கேட்டார், அக்கா.

நல்லா இருக்கா என்றேன். அவர் உரிப்பதை நிறுத்திவிட்டு, "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. நீ அன்னிக்கு என்கிட்ட கேட்டியே, நான் என்ன பதில் சொன்னேன்?" என்றார்.

நான் வெங்காயச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல, நீ கேட்டதே எனக்கு ஞாபகம் இல்ல. முதல்ல நீங்கதான் பொய் சொல்றீங்கன்னு நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். பச்சப் புள்ள, அது எதுக்குப் பொய் சொல்லப் போகுது? என் தலைதான் சரியில்ல போல. கூட்டத்துல ஏதோ ஞாபகத்துல 'இல்ல போ'ன்னு சொல்லியிருப்பேன். அடுப்பு மேல பாலை வெச்சுட்டு மறந்துடறேன். சாவியைத் தேடறேன். இப்படி ஒரு புத்தியோட ஊருக்கு ரொட்டி சுட்டுப் போடலாமா, நீயே சொல்லு. ரொட்டிக் கல்லை வித்துட்டேன். சூப்பர்வைசர் திரும்ப வான்னு சொன்னாக்கூட இனிமே பயமாத்தான் இருக்கும்."

நான் சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். "எனக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஓடும்போது அவர், "பாத்துப் போ, ரோட்டுல வண்டி வரும்" என்று பின்னாலிருந்து சொன்னார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை.

நாலாவது ஊர் பஸ் ஸ்டாண்டில் நீ வறுவல் வாங்கப் போனாய். அம்மா டிக்கெட் வரிசையில் நின்றாள். எனக்குப் பின்னால் ஒருத்தர் வறுத்த கடலை விற்றுக்கொண்டிருந்தார். அந்த வாசனையை நான் பிறந்ததிலிருந்து... இல்லை, வாலு பிறந்ததிலிருந்து தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சந்தையிலும். என்னிடம் மாமா கொடுத்த காசு இருந்தது. ஒரு பொட்டலம் வாங்கித் தூணுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டேன். கை கழுவவில்லை. வாலு ஆரஞ்சு கேட்டாள். உரித்து, சுளை சுளையாக, அதே கையால் ஊட்டினேன்.

உன் வறுவலில் ஒன்றுமே இல்லை. நீ மூன்று கேள்வியும் கேட்டிருந்தாய். அப்பா உன்னைத் திட்டும்போது நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பஸ் ஏறும்போதும் அங்கேயேதான் நின்றேன்.

இனிமேல் நீ எனக்கு எழுதாவிட்டால் அது சரிதான்.

எலி


ஜூலை 25

எலி,

தெரியும்.

அன்றைக்கே தெரியும். உன் உதட்டோரத்தில் ஒரு கடலைத் தோல் ஒட்டியிருந்தது. சிவப்பாக, சின்னதாக. அப்பா கத்திக்கொண்டிருந்தபோது நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாய். நாக்கால் அதைத் துழாவி எடுத்து விழுங்கினாய்.

இப்போது நான் சொல்வதைப் படித்துவிட்டு என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதே. உன்னைக் காப்பாற்ற நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. எனக்குப் போக வேண்டும் போல இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு பள்ளிக்கூடம், தோழி என்று ஒருத்தி கிடைப்பதற்குள் மூட்டை கட்டு, எந்த ஊரிலும் நான்தான் "என்ன கேள்வி கேக்குது பாரு அந்தப் பொண்ணு". அம்மாவுக்குப் புதுச் சந்தை என்றால் கண் விரியும். கத்திரிக்காயைக் கையில் எடுத்து, "இந்த ஊர்க் காயோட காம்பைப் பாரேன்" என்பாள். எனக்கு அந்தச் சந்தையில் ஒன்றுமே தெரிந்ததில்லை. கடலை எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். போக வேண்டும் என்று கேட்டால் அப்பா விடமாட்டார். கோபத்தில் துரத்தினால் விட்டுவிடுவார். "அப்ப நீங்களே கேட்டுக்கோங்க, என்னை அத்தை வீட்ல விடுங்க" என்று கத்தினேனே, அந்த வார்த்தையை நான் முதல் ஊரிலிருந்தே தயாராக வைத்திருந்தேன். உன் உதட்டில் இருந்த தோல் எனக்கு வசதியாகப் போய்விட்டது.

அன்றைக்கு "எலி, இங்க வா, வாயைக் காட்டு" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு நாலு அடி விழுந்திருக்கும். அதோடு போயிருக்கும். நான் சொல்லவில்லை. பேசாமல் நின்றால் தப்பித்துவிடலாம் என்று நீ கற்றுக்கொண்டது அந்தத் தூணுக்குப் பின்னால்தான். கற்றுக் கொடுத்தவள் நான்.

அந்த அம்மா தன் தலையையே சந்தேகப்படுகிறார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை. கடையை விடு. கடை போனால் இன்னொரு கடை. நீ கேட்கவில்லை என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள்.

இந்தக் கடிதம் உனக்கு இருபத்தொன்பதாம் தேதி கிடைக்கும். முப்பதாம் தேதி கிளம்புகிறீர்கள். கணக்குப் போட்டுத்தான் இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 10, பகல்

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழாவது ஊர். இங்கே இரண்டு ஜன்னல். இதைப் பகலில், அம்மா பக்கத்தில் பருப்பு களைந்துகொண்டிருக்க, தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலை நீ வீட்டுக்கே போடலாம்.

உன் கடிதம் சரியாக இருபத்தொன்பதாம் தேதி வந்தது. வீட்டுக்குப் போனபோது அப்பா மெஷின்களைப் பெட்டியில் போட்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே, "அப்பா, நான் கேக்கல" என்றேன். "எதை?" என்றார். "ரொட்டிக்காரம்மாவை. கேக்கவே இல்ல. சும்மா கேட்டேன்னு சொன்னேன்." சுத்தியலைக் கீழே வைத்தார். நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று பஸ் ஸ்டாண்டையும் சேர்த்துச் சொன்னேன். கடலை, ஆரஞ்சு, எல்லாம். நீ பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. அது உன்னுடையது.

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. சட்டையை எடுத்து மாட்டினார். பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். "வா" என்றார்.

சூப்பர்வைசர், "அட விடுங்க சார், சின்னப் பொண்ணு. இடத்தை வாளிக்காரருக்கு எழுதிக் கொடுத்தாச்சு, இப்ப போய் அவரை எப்படி எழுப்பறது?" என்று சிரித்தார். அப்பா எவ்வளவோ பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

சந்துக்குப் போனோம். அப்பா, "தப்பு எங்க மேலதாம்மா" என்று ஆரம்பித்தார். ரொட்டிக்காரம்மா அவரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தார்.

"நீ கேக்கலியா?"

"இல்ல."

"நெஜமா?"

"ஒண்ணுன்னு மட்டும்தான் சொன்னேன். நீங்க எத்தனைன்னு கேட்டீங்க."

உரிப்பதை நிறுத்தினார். "அப்ப என் தலை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணிலிருந்து கொட்டியது. புறங்கையால் துடைத்தார், கையில் வெங்காயம், இன்னும் எரிந்திருக்கும். அப்பா, "நான் மறுபடியும் சூப்பர்வைசர்கிட்ட பேசறேன்" என்றார். "நீங்க பேசினது போதும் சார்" என்றார் அவர். அப்புறம் என்னிடம், "சொன்னியே, அது வரைக்கும் சரி. ஆனா என்னால இப்ப உன்னை உக்காருன்னு சொல்ல முடியல. போயிடு" என்றார்.

இந்தத் தடவை பாத்துப் போ என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அந்த ஊரை விட்டுக் கிளம்பிவிட்டோம்.

அப்பா இரண்டு நாள் மெஷின் பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. மூன்றாவது நாள் சாப்பிடும்போது அம்மாவிடம், "பெரியவ அன்னிக்கு மூணு தரம் சொன்னா" என்றார். "கேட்டேன்பா, கேட்டேன்பான்னு மூணு தரம்." பிறகு தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். உனக்கு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். நாலு தாள் கிழித்தாகிவிட்டது. வந்தால் எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே. நீ திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். எனக்குத் தெரியும், நீ அங்கே ஒரே பள்ளிக்கூடத்தில் இருக்கிறாய்.

என்னை பஸ் ஏற்றவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று நடந்திருக்கிறது.

நேற்று இந்த ஊர்ச் சந்தைக்கு முதல் தடவை போனோம். மேட்டு மேல் இருக்கிறது, பூசணிக்காய்களை உருண்டு ஓடாமல் கல் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். வாலு பதினைந்தே முக்கால். மெஷினிலிருந்து குதித்ததும் ஒரு பிஸ்கட் அடுப்பைப் பார்த்துவிட்டாள். நான் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். கேட்கத்தான். சத்தமாக, ஊரே சிரித்தாலும் கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாலு என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ வேணாம். நான் கேக்கறேன்."

அவளே போனாள். அடுப்பு மேடை அவள் தலைக்கு மேலே இருந்தது. எம்பி எம்பி, "மாமா, உள்ள கடலை இருக்கா? கடலெண்ணெயா? கடலை வறுத்த சட்டியா?" என்று கத்தினாள். அவர் குனிந்து பார்த்து, "இல்ல தாயி, வெண்ணெயும் சர்க்கரையும்தான், இந்தா டின்னைப் பாத்துக்கோ" என்று டின்னைக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தாள்.

ஒரு பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். உடைத்து எனக்கு நீட்டினாள். ஓரம் இல்லை. நடுவிலிருந்து உடைத்த துண்டு.

"நீ மொதல்ல."

சாப்பிட்டேன். வெண்ணெய், சர்க்கரை, வேறொன்றும் இல்லை. இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. கையில் மீதி பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, அது ஆறிப்போகும் வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எலி